வெறுங்காலில் எடுத்த அளவு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூவரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறது. என் இரண்டு கையும் மெஷினில் இருக்கிறது, பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான், இன்னும் நாற்பது சட்டைக்குக் காலர் வைக்க வேண்டும், அதனால்தான் எழுதுகிற வேலையை அவளிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் இரண்டாகக் குறைத்து எழுதுகிறாள், திரும்பப் படிக்கச் சொன்னால் மாட்டிக்கொள்கிறாள், ஆகவே இந்தக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அது என் தப்பு இல்லை.

நீ அனுப்பிய பெட்டியைப் பிரித்த அன்றைக்கு நானும் அப்பாவும் கோல்ஃப் மட்டைகளின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம், இவள் முதலில் பார்த்தது அவற்றின் பிடியை. ஐந்து மட்டையிலும் கட்டைவிரல் படுகிற ஒரே இடத்தில் ரப்பர் குழியாகத் தேய்ந்திருந்தது. “இந்த ஆளு எப்பவும் ஒரே இடத்தில பிடிச்சிருக்காரும்மா, அதான் அடியும் ஒரே மாதிரி விழுந்திருக்கும்” என்றாள். முதுகுவலியால் ஆட்டத்தை விட்டுவிட்ட அந்தப் பெரியவர் மட்டைகளைத் தூக்கிப்போடாமல் உன் கையில் கொடுத்தாரே, நீயும் உன் லீவு நாளைச் செலவழித்து ஹோட்டல் சலவைக்கூடத்துப் பழைய தலையணை உறைகளில் சுற்றி ஒரு கீறல் இல்லாமல் அனுப்பி வைத்தாயே, அவருக்கு நாங்கள் நன்றி சொன்னதாக மறக்காமல் சொல். உனக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கும் வேலைக்குப் போகிற இவள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பந்தைத் தட்டப் போய், அதைக் கோச் பார்த்துவிட்டு, உன் அளவுக்கு மட்டை இருந்தால் இரண்டு மாதம் கழித்துத் தேர்வுக்கு வா என்று சொன்னதை நான் உனக்கு ஒரு வரிதான் எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீ பெட்டியே அனுப்பிவிட்டாய்.

ஆனால் மட்டைகள் ஆறடி ஆளுக்குச் செய்தவை, இவளோ என் தோளுக்குத்தான் நிற்பாள். அப்பா அவள் மட்டையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, “கோலெடுத்தா குரங்கு ஆடும்பாங்க, இங்க குரங்கே கோலெடுத்துடுச்சு” என்று சிரித்தார், இவள் மூன்று நாள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கவில்லை. பெரிய சட்டையைச் சின்னதாக்கத் தெரிந்த எனக்குப் பெரிய மட்டையைச் சின்னதாக்கத் தெரியாதா என்று நானே இறங்கினேன். நின்றபடி மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய், அப்படியே டேப்பைப் பிடித்து அளந்தேன். மாடி வீட்டுக் குழாய்க்காரர் பைப் வெட்டுகிற கட்டரைக் கொடுத்தார், அதற்கு ஒன்றும் வேண்டாம் என்றார், அவருடைய பையின் ஜிப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்ட மனம் வரவில்லை, துணி என்றால் உள்ளே கொஞ்சம் விட்டுத் தைக்கலாம், இரும்பில் எங்கே விடுவது, ஆகவே தேர்வுக்கு வேண்டிய ஏழாம் நம்பர் மட்டையை மட்டும் மாதிரிக்காக இரண்டு இஞ்ச் வெட்டினேன். பழைய பிடியைப் பிளேடால் கீறி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, மண்ணெண்ணெய் தடவி, அவள் கைக்குத் தகுந்த மெல்லிய பிடியை வழுக்கி ஏற்றினோம். தண்டு குட்டையானதும் மட்டையின் தலையே இல்லாதது போல லேசாக இருக்கிறது என்றாள். திரைச்சீலை காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் வைத்துத் தைப்போமே ஈயத் துண்டு, அது பித்தான் டப்பாவில் மிச்சம் இருந்தது, தட்டித் தட்டிப் பட்டையாக்கித் தலைக்குப் பின்னால் ஒட்டினேன். ஒன்று ஒட்டி வீசச் சொன்னேன், போதாது என்றாள், இரண்டாவதை ஒட்டியதும் முகம் மலர்ந்தது, மூன்றாவதை வேண்டாம் என்று எடுத்துவிட்டாள்.

மொட்டை மாடியில் துணிக்கொடியில் இரண்டு பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, கால்மிதியை விரித்து, தினமும் சாயங்காலம் அதன்மேல் பந்தை வைத்து அடித்தாள். மட்டையில் பந்து எங்கே படுகிறது என்று தெரிய வேண்டுமே, நான் துணியில் கோடு போடுகிற சாக்கைப் பந்தில் தேய்த்துக் கொடுத்தேன். நம்ப மாட்டாய், ஐம்பது அடி அடித்தாலும் சாக்கின் நீலம் மட்டையின் நட்டநடுவில் ஒரு பித்தான் அகலத்துக்குமேல் பரவாது. ஆனால் மைதானத்தில் காலை வேலை முடிந்து அடித்துப் பார்த்தால் பந்தின் உச்சந்தலையில் பட்டு எலி ஓடுவது போலத் தரையோடு ஓடும். ஒரு நாள் இல்லை, போன நாளெல்லாம் அப்படித்தான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் இவளுக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, “வீட்டுல புலி, வெளியில எலின்னு சும்மாவா சொன்னாங்க, நாலு பேரு பாத்தா என்னடி, உன்னைத் தின்னுடவா போறாங்க” என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் மட்டையைத் துடைத்து ஓரமாகச் சாய்த்து வைத்தாள். எப்போது எதைச் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மெஷினில் வந்து உட்கார்ந்தாள், என் கண் சரியான பிறகு அவள் திரும்பப் போகவில்லை, அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தத் தேர்வு எனக்கு அத்தனை பெரிதாக இருந்தது. தேறினால் பாதி நாள் வேலை, பாதி நாள் பயிற்சி, அதோடு மாலை வகுப்புக்கு அனுப்பி, பாதியில் விட்ட படிப்பையும் முடிக்க வைப்பார்கள். தேறாவிட்டால் வாளியும் பந்தும்தான்.

தேர்வு போன சனிக்கிழமை. பத்துப் பந்து, நூறு மீட்டரில் இரண்டு கொடி, நடுவில் ஆறு விழ வேண்டும். நான் தைத்த சட்டைகளைக் கடையில் போட்டுவிட்டு வேலிக்கு வெளியே மூட்டை மாதிரி நின்றேன். முதல் பந்து எலி. இரண்டாவதும் எலி. மூன்றாவது கொஞ்சம் எழும்பி வலது பக்கம் புதருக்குள் போனது. அவளுக்கு முன்னால் அடித்து முடித்த டாக்டர் வீட்டுப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வேலிக் கம்பி இரண்டாகத் தெரிந்தது, ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வந்தால் அப்படித்தான். இனி ஏழில் ஆறு விழ வேண்டும். இவள் நான்காவது பந்துக்கு மட்டையை வைத்தவள் வீசாமல் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று பிறகுதான் சொன்னாள், வீட்டுக் கால்மிதியில் மட்டைத் தலையின் அடிப்பாகம் முழுசாகப் படியுமாம், அங்கே தண்டு சேர்கிற பக்கம் ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றதாம், அந்த இடைவெளியில் புல் தெரிந்ததாம்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள், இதெல்லாம் அக்காவுக்கு எதற்கு என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கச்சி அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். ஒரு ஷூ, பிறகு இன்னொன்று, சாக்ஸையும் சுருட்டி உள்ளே வைத்து, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள், நம் வீட்டு வாசலில் வைப்பது போல. யாரோ சிரித்தார்கள். “ஏம்மா, இது என்ன உங்க வீட்டுக் கூடமா?” என்று கோச் கேட்டார். மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம்கூட வாய் திறக்காத பெண், “மட்டை வெறுங்காலுக்கு வெட்டினது சார்” என்றாளாம். நான்காவது பந்து எழும்பியது. எழும்பிப் போய்க் கொடிக்கு நடுவில் விழுந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது இடது கொடிக்கு ஒரு முழம் வெளியே போனது, எனக்கு உயிரே போனது. ஒன்பது விழுந்தது. பத்தாவதை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், கோச் கை தட்டின சத்தத்தைத்தான் கேட்டேன்.

பெரியவளே, முப்பது வருஷமாகக் கால்சட்டை தைக்கிறேன், வருகிற ஆளிடமெல்லாம் எந்த ஷூ போடுவீங்க, அதைப் போட்டுட்டு நில்லுங்க என்று சொல்லித்தான் அளவெடுப்பேன். சொந்தப் பெண்ணை மட்டும் வீட்டுக்குள் வெறுங்காலில் நிறுத்தி அளந்தேன், ஷூ தேய்ந்துவிடும் மாடியில் போடாதே என்றும் நானே சொன்னேன். நீயும் எழுதவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஷூவின் அடிப்பாகம் ஒரு இஞ்ச் கனம், அதைப் போட்டு அவள் உயர்ந்த அந்த ஒரு இஞ்ச்தான் இத்தனை நாளாக அவளை எலியாக்கியது. என் டேப் செய்த தப்பை அவள் சுபாவத்தின் தலையில் போட்டுத் திட்டினேனே என்று நினைக்க நினைக்க ஊசி நுனியில் கை வைத்தது போல இருக்கிறது. இதை அவளிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் உனக்கு எழுதச் சொல்கிறேன், எழுதுகிறவள் அவள்தானே, அவளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கூச்சம் இருக்கிறவள்தான், இருக்கட்டும், கூச்சத்தோடேயே ஷூவைக் கழற்றினாளே.

வெட்டின துண்டுக்குப் பதில் மரக்கட்டையைச் செருகிப் பசை போட்டு நீட்டலாம் என்று குழாய்க்காரர் சொல்கிறார், உடைந்த ஹேங்கரின் கம்பு அளவாக இருக்கும் போலிருக்கிறது. திங்கள்கிழமை முதல் பயிற்சி, ஷூவோடு வா என்று கோச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அப்பா இப்போது குரங்குக் கதையை மறந்துவிட்டார், “என் பொண்ணு ஏழுல ஆறு அடிச்சா” என்று வேன் ஓட்டுகிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், முதல் மூன்றைச் சொல்வதில்லை. நீ ஈரத் துணிகளோடு நிற்கிறவள், கையில் வெடிப்பு வராமல் எண்ணெய் தடவிக்கொள். உன் மார்புச் சுற்றளவும் கை நீளமும் அடுத்த கடிதத்தில் எழுது, உள்ளே கம்பளி போட்டுக்கொண்டு அள, நான் பட்ட பாடு போதும். நீ போட்டதெல்லாம் துலங்கட்டும், தொட்டதெல்லாம் நிறையட்டும், நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும்.

உன் நன்மையையே நினைத்திருக்கும்
அம்மா

அக்கா, இது நான். அம்மா கையெழுத்துப் போட்டதும் எழுந்து போய் வாசலிலிருந்து என் ஷூவை எடுத்து வந்தாள். வீட்டுக்குள்ளயா என்று அப்பா கேட்டார், “சட்டம் போட்டவ நானு, எடுக்கிறதும் நானு” என்றாள். தரையில் பழைய பேப்பரை விரித்தாள், கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். நான் ஷூவைப் போட்டுக்கொண்டு பேப்பர்மேல் ஏறி நின்றேன். “நிமிரு” என்றாள். நிமிர்ந்தேன்.