வாய் திறக்காமல் மேட்டூர் வரை

ஜூலை 2, புதன்

மேகம். மழை இல்லை. காற்று மட்டும். காயப் போட்ட துணியெல்லாம் பக்கத்து மாடியில்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. குரல் நாணில் வளர்ந்திருந்த சதையை எடுத்தாயிற்று. பாசிப்பயறு அளவுதானாம். அந்தப் பயறுதான் இத்தனை மாதமாக என்னை ஓட்டைத் தகரம் மாதிரி பேச வைத்தது. டாக்டரம்மா போட்ட சட்டம்: அடுத்த புதன் வரை ஒரு சொல் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல். கனைக்கக் கூடாது. தண்ணீர் நிறைய. சதையை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்ன டெஸ்ட் என்று கேட்கவில்லை. கேட்கத்தான் வாய் இல்லையே.

பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசிப் பிழைக்கிறவளுக்கு இந்தக் கதி. நாமக்கல் பஸ் எந்த ரேக்கில் நிற்கிறது, மேட்டூர் பஸ் எப்போது கிளம்புகிறது, நடுவில் நகைக்கடை விளம்பரம், காணாமல் போன குழந்தை, கண்டெடுத்த பை. என் முகம் யாருக்கும் தெரியாது. குரல் சேலத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

சாயங்காலம், மைக்கை நடத்துகிற விளம்பரக் கம்பெனி முதலாளி என் வீட்டுக்காரர் சேவியருக்குப் போன் செய்தார். "உடம்பு தேறி வந்து பேசிக் காட்டட்டும். குரல் பழையபடி இருந்தா மைக் அவங்களுக்குத்தான். இல்லாட்டி வேற ஆள் பாக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

சேவியர் வைத்துவிட்டு, "சும்மா விசாரிச்சாரு," என்றார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிவிட்டு மறைக்கிறாராம்.

ஜூலை 3, வியாழன்

வெயில். கேஸ் சிலிண்டர் போட வந்தவன் வாசல் கோலத்தை மிதித்தான். வாய் வரை வந்துவிட்டது. கையைக் கடித்துக்கொண்டேன்.

சேவியர் பார்த்துவிட்டார். லாரி பாடி கட்டும் பட்டறையில் நாளெல்லாம் வெல்டிங். வீட்டுக்கு வந்தால் அவர் பேசுவதே அபூர்வம். இப்போது வேறு வழியில்லாமல் பேசுகிறார். "ஜெசிந்தா, வீட்ல இருந்தா நீ பேசாம இருக்க மாட்டே. பஸ்ஸோ ரயிலோ ஏறி எங்கயாச்சும் போய்ட்டு வா. தெரியாத ஆளுங்க நடுவுல வாய் தானா மூடிக்கும்."

யோசித்துப் பார்த்தேன். மேச்சேரி, மேட்டூர், பரமத்தி வேலூர் எல்லாம் தினமும் நூறு தடவை சொல்கிற ஊர்கள். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறேன். இதோ இருக்கிற மேட்டூருக்குப் போனதில்லை.

ஜூலை 4, வெள்ளி

மேட்டூர்! ரயிலில். போனில் எழுதிக் காட்டினேன்: தொண்டை ஆபரேஷன், பேசக் கூடாது, மேட்டூருக்கு ஒரு டிக்கெட். கவுண்டரில் இருந்தவர் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்து, கத்தி, கையையும் ஆட்டினார். சிரிக்கவும் பயம்.

ஜன்னல் சீட். ஓமலூர் தாண்டியதும் செம்மண், கடலைக்காடு. பிறகு தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகை. அணையில் தண்ணீர் தளும்பத் தளும்ப. கடல் என்றே நினைத்தேன். வறுத்த மீன் சாப்பிட்டேன், காரம் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் காரத்தோடு. தொண்டை எரிந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

திரும்ப மேச்சேரி வழி பஸ். எனக்கு முன் சீட்டில் ஆட்டு வியாபாரிகள் இரண்டு பேர்.

"பஸ் ஸ்டாண்டுல மைக்குல பேசுற பொம்பள, சளி புடிச்ச மாதிரி பேசிட்டு இருந்துச்சே, இப்ப ஆளையே காணோம்."

"நிறுத்திட்டாங்களோ என்னவோ. ஆனா அந்தம்மா மேச்சேரின்னு சொல்லும் பாரு, ஒரு இழுப்பு. நம்மூரு என்னமோ பெரிய பட்டணம் மாதிரி இருக்கும்."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேச்சேரியில் அவர்கள் இறங்கினார்கள். நானும் அப்போதுதான் எட்டிப் பார்த்தேன், நான் இழுக்கிற ஊர் எப்படி இருக்கிறது என்று. தூசி, ஆடுகள், ஒரு நல்ல டீக்கடை. இழுக்கலாம், தப்பில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாடகர் குழுவில் என் இடம் காலி. கீழே பெஞ்சு வரிசையில் நின்றேன். எனக்குப் பதிலாக சேவியர் பாடினார், உரக்க. பக்கத்து பெஞ்சுக் குழந்தை அழுதது.

அந்த டெஸ்ட் முடிவு. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பூசை முடிந்தது.

மத்தியானம் பஸ் பிடித்து நாமக்கல், தங்கை மரியா வீடு. அவள் பேசினாள். நான் கேட்டேன். பிறந்ததிலிருந்து நடப்பதற்கு நேர் தலைகீழ். நாளைக் காலை ரயிலில் திரும்ப வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

என்ன நாள் இது! வரிசையாக எழுதுகிறேன்.

காலை ரயில். நிற்க இடமில்லை. நர்சிங் படிக்கும் பிள்ளைகள், ஜவுளிக்கடை ஆட்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். எதிரில் பரமத்தி வேலூர்க்காரர் ஒருவர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர், மகள் கௌசல்யாவோடு. சேலத்தில் அவளுக்கு அரசு வேலைப் பரீட்சை.

சேலத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. நின்றதுதான். இன்ஜின் கோளாறு, வேறு இன்ஜின் வர வேண்டும் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

கௌசல்யாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா என்னிடம்தான் சொன்னார்: "ஏனுங்க, ஒம்போது மணிக்குக் கேட்டைச் சாத்திப் போடுவாங்களாம். ரெண்டு வருசமாப் படிச்ச புள்ளைங்க இது."

வயலுக்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு தெரிந்தது. நாமக்கல் பஸ்கள் பறந்துகொண்டிருந்தன. அங்கே ஸ்டாப் கிடையாது. ஒன்றும் நிற்காது.

பழனிச்சாமி அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர், என் அறைக்கு அடுத்த அறை. எந்தக் கண்டக்டரையும் போனில் பிடித்துவிடுவார். உடனே கூப்பிட்டார்.

"அம்மிணி, நீங்க பேசாதீங்க. நாங் கேக்கறேன். ஆமான்னா போன்ல ஒரு தட்டுத் தட்டுங்க, இல்லைன்னா ரெண்டு. எல்லாரும் ரோட்டுக்கு வந்துருவீங்களா?"

ஒரு தட்டு.

"ஒரு வண்டிக்குள்ள அடங்குமா?"

இரண்டு தட்டு. பலமாக.

"அட சாமி! சரி, பின்னால வார வண்டிகளையெல்லாம் நிறுத்தச் சொல்றேன். ஆளுகளைக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு வருவது எப்படி? கை தட்டினேன், துப்பட்டாவைச் சுழற்றினேன். ஒருத்தரும் நகரவில்லை. ஒரு பெரியவர், "அந்தம்மாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு, தண்ணி குடுங்க," என்றார். போனில் எழுதி கௌசல்யாவிடம் நீட்டினேன். படித்தாள். சீட்டு மேல் ஏறி நின்று கத்தினாள் பாருங்கள்:

"எல்லாரும் எறங்குங்க! ரோட்டுல பஸ் நிறுத்தறாங்க! இந்த அக்கா டைம் ஆபீசுல சொல்லிப் போட்டாங்க!"

இறங்கினார்கள். வரப்பு மேல் வரிசையாக, பை, டிபன் கேரியர், கைக்குழந்தை, எல்லாம். முன்னால் நான். ஊர்வலம் மாதிரி. ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு பயம்: பஸ் நிற்காவிட்டால்? இத்தனை பேர் என்னை என்ன சொல்வார்கள்? முதல் பஸ் நிற்காமல் போய்விட்டது. யாரோ, "நல்லா நம்புனோம் போ," என்றார்கள். இரண்டாவது, தூரத்திலேயே லைட் போட்டுக்கொண்டு வந்து ஓரங்கட்டியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "பழனிச்சாமி அண்ணன் சொன்ன கூட்டம் இதானுங்களா?"

பரீட்சைக்காரர்கள் முதலில். படியில் நின்று கையால் மறித்து ஏற்றினேன். பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள். அடுத்த பஸ்ஸில் மற்றவர்கள். அதற்கடுத்ததிலும். வாயைத் திறக்காமல் ஒரு ரயிலையே காலி செய்தேன்.

கௌசல்யாவின் அப்பா படியிலிருந்து, "நீங்க ஆருங்க அம்மிணி? பேருகூடச் சொல்லலீங்களே?" அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் கடைசி பஸ்ஸில், நின்றுகொண்டு. கால் வலியே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் இருக்கும்போது பழனிச்சாமி அண்ணன் போன். நான் ஒரு தட்டுத் தட்டினேன். "அந்தப் புள்ளையோட அப்பா இங்க வந்துட்டுப் போனாருங்க. கேட்டைச் சாத்தறதுக்குள்ள உள்ள போயிருச்சாம். பரீட்சையும் நல்லா எழுதிருச்சாம். உங்க மைக்கு ரூம்பைக் காட்டி, இந்த ரூம்புக்காரவங்கதானுங்கன்னு சொன்னேன். ஸ்பீக்கரைப் பாத்துக் கும்புட்டுட்டுப் போறாரு மனுசன்!"

ஜூலை 9, புதன்

தூறல். ஆஸ்பத்திரி வரிசை. சேவியர் என் கையைப் பிடித்திருந்தார், பொது இடத்தில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

டெஸ்ட் முடிவு: சாதாரணச் சதை. வேறொன்றும் இல்லை. டாக்டரம்மா அதைச் சொன்ன பிறகும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். "அவ்வளவுதாங்க, சந்தோஷப்படலாம்," என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது.

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். "ஆறியிருக்கு. இப்ப 'ஆ' சொல்லுங்க. மெதுவா."

பயமாக இருந்தது. சொன்னேன். முதலில் வெறும் காற்று. இன்னொரு தடவை. நூல் மாதிரி வந்தது, ஆனால் பிசிறில்லாத நூல். அழுதுவிட்டேன். "அழக் கூடாது, அதுவும் தொண்டைக்குக் கெடுதல்," என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். மைக் இன்னும் பத்து நாள் கழித்து.

ஆட்டோவில் சேவியர், "ஏதாவது பேசேன்," என்றார்.

"நீங்க பேசுங்க. நல்லாத்தான் இருக்கு," என்றேன். வீடு வரும்வரை பட்டறைக் கதை சொன்னார்.

ஜூலை 21, திங்கள்

வெயில், காற்று. கஞ்சி, வெந்நீர், புதுப் புடவை.

முதலாளி எனக்கு முன்னாலேயே வந்து மைக் அறையில் கையைக் கட்டி நின்றார். "பேசுங்கம்மா, பாக்கலாம்." சுவிட்சைப் போட்டேன். கரகரவென்று ஸ்பீக்கர் விழித்தது.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு. நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் கரூர் செல்லும் பேருந்து..."

என் குரல்தான். கொஞ்சம் தணிந்து, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி. ஜன்னல் வழியே பார்த்தேன். பூக்காரப் பெண் கை நின்றது. ரேக்குகளில் தலைகள் நிமிர்ந்தன. நாமக்கல் வண்டி டிரைவர் ஹாரனை அழுத்தினார். அடுத்த வண்டி. அதற்கடுத்தது. மேட்டூர் ரேக், ஆத்தூர் ரேக், டவுன் பஸ்கள், மொத்த ஸ்டாண்டும் ஒரே ஊளை. பழனிச்சாமி அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அம்மிணி! ஒருத்தனும் வண்டிய எடுக்க மாட்டீங்கிறான்! டைம் போச்சு!" என்று கத்துகிறார், வாயெல்லாம் சிரிப்பு.

முதலாளி காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மறுபடி சொன்னார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்: "நாளைக்கும் வந்துருங்க!"

ஹாரன் ஓயும்வரை மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சுவிட்சைப் போட்டு முதலிலிருந்து சொன்னேன்.