மைதாப் பசையில் ஒட்டிய ஊர்கள்

இராயபுரம்
பிப்ரவரி 8, ஞாயிறு

என் அன்பு மகள் சாராவுக்கு, உன் நைனா லூயிஸ் தன் சொந்தக் கையால் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது நீ எந்தக் கடலில் இருந்தாலும் அந்தக் கடல் உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தோணியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யாரையோ உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல எழுதியது என்று நினைத்துவிடாதே கண்ணு. ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. காலையில் டீ குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் பத்து வரி வரும், அதற்குள் விரல் வலிக்கும். ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை இறக்கியபோது வலிக்காத விரல் ஒரு ‘ஞ’ போடுவதற்குள் வலிக்கிறது. உறையின் மேல் உன் கம்பெனி விலாசம் மட்டும் ஆங்கிலத்தில் உன் அத்தை மகன் ஃப்ரெடி எழுதியது. உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது.

அம்மாவின் தோழி இருதயம்மாளை உனக்குத் தெரியுமே, காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவள். போன ஜூன் மாதம் அவள்தான் வந்து, வூட்ல குந்திகினு செவுத்தையே பாத்துகினு கீறியே லூயிசு, கல்மண்டபத்தாண்ட ஸ்கூல்ல சாயந்திரம் பெரியவங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றாங்க, நானே போறேன், உனக்கு இன்னா கேடு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பதினாறு பெண்களுக்கு நடுவில் ஆண்பிள்ளை நான் ஒருத்தன். நான் தப்பாகப் போட்டால், இன்னாபா, எழுத்துக்குக் கால் ஒடஞ்சிகீது என்று இருதயம்மாள் சத்தம் போட்டுச் சொல்லுவாள், அவள் சிலேட்டிலும் அதேதான் ஒடிந்திருக்கும். செப்டம்பரில் ஒரு நாள் ஸ்டாப்பில் நிற்கும்போது வந்த பஸ்ஸில் மணலி என்று போட்டிருந்ததை நானே படித்துவிட்டேன் சாரா. மணலியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஏறிப் போய் இறங்கி, அங்கே இருந்த எல்லா போர்டுகளையும் படித்துவிட்டு, அந்த எண்ணெய்க் கம்பெனி நாற்றத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். உனக்குச் சொல்ல நாக்கு துடித்தது. முதல் செய்தி கடிதமாகவே போகட்டும் என்று போனில் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்.

இப்போது சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்பரில் இருந்த காலத்தில் பெட்டிகளின் மேல் அச்சடித்த ஊர்ப் பெயர்களைத் தோளில் சுமந்திருக்கிறேனே தவிர, அது எந்த ஊர், அங்கே என்ன ஜனங்கள், என்ன சாப்பிடுகிறார்கள், செத்தால் எப்படிப் புதைக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. அதனால்தான் நீ கப்பல் வேலைக்குப் போகும்போது, போற ஊர்ல எல்லாம் ஒரு படக் கார்டு வாங்கி அனுப்பு, போன்ல அனுப்பாத, கையில புடிச்சுப் பாக்கணும் என்று கேட்டேன். நீ மறக்கவில்லை. மொத்தம் நாற்பத்தொன்று, ஒவ்வொன்றும் மூலை மடங்காமல் உறைக்குள் வந்தது. அம்மா இருந்தவரை பின்பக்கம் நீ எழுதியதைப் படித்துக் காட்டுவாள், பிறகு நான் சுவரில் ஒட்டுவேன். அவள் போன பிறகு வந்த பத்தொன்பதையும் படத்தைப் பார்த்துவிட்டு நேராக ஒட்டினேன். பின்னாடி இன்னா எழுதிகீற என்று போனில் கேட்டால், ஒண்ணும் இல்ல நைனா, தேதியும் ஊர் பேரும்தான், நீ ஒட்டு என்பாய். போஸ்டர் ஒட்டுகிற யாசின் பாயிடம் வாங்கிய மைதாப் பசை, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்தது. அவர் பசையில் ஒட்டினால் சுவர் விழும், போஸ்டர் விழாது.

அந்தச் சுவரைப் பார்த்தும் நீ போனில் சொல்லச் சொல்லக் கேட்டும் நான் தெரிந்துகொண்டது கொஞ்சம் இல்லை. மால்டாவில் படகு முன்னால் இரண்டு பக்கமும் கண் வரைகிறார்கள், கெட்டது வந்தால் படகே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை என்றாய் அல்லவா, ஃப்ரெடியின் ஃபைபர் படகுக்கும் அப்படி வரையச் சொன்னேன். பெயின்டர் மை தீட்டி, இமை வைத்து, சினிமாக்காரி கண் மாதிரி வரைந்துவிட்டான். இன்னா மாமு, உன் போட்டு எங்களப் பாத்து கண்ணடிக்குது என்று காசிமேடு முழுவதும் ஃப்ரெடியைக் கிண்டல் செய்தார்கள், அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போர்ச்சுகல் படத்தில் கடற்கரையில் மீன் காயப்போடுகிற பெண்கள் ஏழு பாவாடை கட்டியிருக்கிறார்கள், புருஷன் படகு திரும்பும்வரை குளிரில் உட்கார்ந்திருப்பதற்காக என்று சொன்னாய். அதை இருதயம்மாளிடம் காட்டினேன். ஏழா, நான் ஒரு பொடவைய சொருவிகினு ஓடறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடுது, ஏழு கட்னா கருவாடுதான் மிஞ்சும் என்றாள். ஆனால் பிறகு வெகுநேரம் அந்தப் படத்துப் பெண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் கடலில் போனவர்தானே.

மெக்சிகோ படத்தில் கல்லறை முழுவதும் செண்டு மல்லி, மெழுகுவர்த்தி, நடுவில் சாப்பாட்டுத் தட்டு. நமக்குக் கல்லறைத் திருநாள் இருப்பது போல அவர்களுக்கும் அதே நாள், செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்கள், அன்றைக்கு அவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்று சொன்னாய். போன நவம்பரில் நானும் காசிமேட்டுக் கல்லறையில் உன் அம்மாவுக்கு நெத்திலி வறுவலும் ஒரு டம்ளர் காபியும் வைத்தேன். வறுத்துக் கொடுத்தது இருதயம்மாள். லூயிசுக்கு மரை கழண்டுடுச்சி என்று பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. பேசட்டும். உன் அம்மா அறுபது வயதுவரை அடுத்தவர்களுக்குப் போட்டுவிட்டு மிஞ்சியதைத்தான் தின்றாள்.

இதுவரை எழுதியது எல்லாம் சந்தோஷமாக எழுதினேன். இனி எழுதுவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது, நீ கோபப்படாமல் படி. டிசம்பர் மழையில் சுவரில் ஓதம் ஏறி ஏழு பாவாடைப் படம் தானாகக் கீழே விழுந்தது. எடுத்துத் திருப்பினேன். தேதி, ஊர்ப் பெயர், படித்துப் பார்க்கலாம் என்றுதான் திருப்பினேன். பின்பக்கம் முழுவதும் பொடிப்பொடியாக உன் எழுத்து. முதல் வரியைக் கூட்டிப் படிக்க எனக்கு அரை மணி ஆனது. “நைனா, உன்னால இதப் படிக்க முடியாதுன்ற தைரியத்துல எழுதறேன்.” படித்துவிட்டேன் என்ற சந்தோஷம் முதலில் வந்தது, என்ன படித்தேன் என்பது பிறகுதான் வந்தது. கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மூன்று நாள் தொடவில்லை. நான் படிக்கமாட்டேன் என்று நம்பி எழுதியதை நான் படிப்பது திருட்டுத்தனம் இல்லையா என்று மனசு அடித்துக்கொண்டது. யாருடையது என்று சொல்லாமல் இருதயம்மாளிடம் கேட்டேன், ஒருத்தருக்குத் தெரியக்கூடாதுன்னு அவருக்கே ஒரு லெட்டர் எழுதினா அத இன்னா பண்றது என்று. அவள் மீனைத் திருப்பி வைத்துக்கொண்டே, தெரியக்கூடாதுன்னா எழுதாமயே கீறதுதானே, எழுதி உன் பேரும் போட்டுகீதுன்னா அது உன்துதான்பா என்றாள். எந்தப் பெயரும் நான் சொல்லவில்லை, அவளாகத்தான் என்னைப் பார்த்து ‘உன் பேர்’ என்றாள்.

மற்ற பதினெட்டையும் பிரிக்க வேண்டுமே. அவசரத்தில் ஜப்பான் படத்தை, கம்பத்தில் துணி மீன் பறக்குமே, பிள்ளைகள் நன்றாக வளர வேண்டும் என்று ஏற்றுவார்கள் என்றாயே, அதைத் தண்ணீர் ஊற்றி உரித்தேன். ஜெல் பேனாவில் எழுதியிருக்கிறாய், எல்லாம் நீலமாகக் கரைந்து ஓடிவிட்டது. அதில் நீ என்ன சொன்னாய் என்று இனி எனக்குத் தெரியவே தெரியாது. பிறகு யாசின் பாய் வந்து, ஒட்டறதுக்கு ஒரு ஆளு, உரிக்கறதுக்கும் அதே ஆளா, பேஜாரு புடிச்ச மனுஷன்யா நீ என்று திட்டிக்கொண்டே, இட்லிப் பானை ஆவியில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். பின்பக்கத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையில் கொடுத்துவிடுவார்.

மெக்சிகோ படத்தின் பின்னால், “அம்மா செத்தப்ப கப்பல்ல லீவு தரலன்னு சொன்னேனே, பொய் நைனா. தந்தாங்க. டிக்கெட்டும் போட்டுத் தந்தாங்க. நான்தான் வரல” என்று எழுதியிருக்கிறாய். நார்வே படத்தில், மரச்சட்டத்தில் மீன் காய்கிற படம், அதன் பின்னால், பிறகு ஒரு லீவில் உன் கூடக் கப்பலில் வேலை செய்கிற பவானியோடு விசாகப்பட்டினம் வந்ததாகவும், அங்கிருந்து ரயில் ஏறியதாகவும் எழுதியிருக்கிறாய். “எண்ணூர் புகைபோக்கி தெரிஞ்சுது. கொருக்குப்பேட்டை தாண்டறப்ப எழுந்து கதவாண்ட நின்னேன். சென்ட்ரல்ல இறங்கி அடுத்த வண்டியிலயே திரும்பிட்டேன். போனா போ, என் சாவுக்குக்கூட வராதன்னு அம்மா சொன்னது காதுல கேட்டுகினே கீது. அது இல்லாத வூட்டுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிகினு வர்றது.” இதை நான் இரண்டு நாளாகப் படித்தேன் சாரா. சென்ட்ரல் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஒரு ஷேர் ஆட்டோ. அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

உனக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நீ கப்பலுக்குக் கிளம்பும்போது அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாளே, அன்றைக்கே அழுதாள், வாய்க் கொழுப்புல சொல்லிட்டேன்யா, கொழந்த மனசுல வச்சிக்குமா என்று என்னைக் கேட்டாள், அதெல்லாம் மறந்துடும் என்று நான்தான் சொன்னேன், உன்னிடம் வந்து சொல்லாமல் விட்டது என் தப்பு. இன்னொன்று, நீ அனுப்பிய கார்டுகளை அம்மா எனக்கு ஒரு முறைதான் படித்துக் காட்டுவாள், ஆனால் நான் பசை கலக்கப் போன நேரத்தில் அடுப்படியில் நின்று தனியாகப் படிப்பாள், ஒட்டிய பிறகு எந்தப் படத்தின் பின்னால் நீ என்ன எழுதினாய் என்று கேட்டால் பார்க்காமல் சொல்லுவாள். மூன்றாவது நான் யாரிடமும் சொல்லாதது. கடைசி நேரத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் போனில் சொன்னேன். நான் அங்கே இல்லை கண்ணு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது துணியால் மூடியிருந்தார்கள். நீ கடல் தாண்டி இருந்து வரவில்லை, நான் தெருவைத் தாண்டி இருந்து வரவில்லை. இரண்டு பேரும் அவளிடம் ஒரே மாதிரிதான் நிற்கிறோம், அவள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் திட்டுவாள், அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்பாள்.

பிரித்த கார்டுகளை மறுபடி ஒட்டவில்லை. பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும் எனக்கு வேண்டும். சுவரில் பத்தொன்பது வெள்ளைக் கட்டம் தெரிகிறது, அதை நீ வந்து பார்த்து என்ன செய்யலாம் என்று சொல். இதோடு நானும் உனக்கு ஒரு கார்டு வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் படம் போட்ட கார்டு பாரிமுனை வரை போய்க் கேட்டும் கிடைக்கவில்லை, அதனால் ஃப்ரெடி எடுத்த நம் வாசல் படத்தை ஸ்டுடியோவில் அட்டையில் போட்டு வாங்கினேன். கூடையோடு நடுவில் நிற்பது இருதயம்மாள், தள்ளி நில்லு என்றேன், நானும் கப்பல்ல போறேன் என்று நகரவில்லை. நீ ஒவ்வொரு ஊருக்கும் சொல்லுவது போல, படத்தில் இருக்கிற ஜனங்களின் பழக்கத்தை நானும் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறேன். ஜப்பான் மீன் மாதிரி அது நனைந்து போனாலும் போகட்டும் என்று இங்கேயும் ஒரு முறை எழுதுகிறேன்.

இந்த ஊர் இராயபுரம். இங்கே ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுப் பெண் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். என்ன மீன் வாங்கட்டும் என்றுதான் கேட்பார்கள்.

ஈரத் தலையோடு ஏசியில் படுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. பவானியைக் கேட்டதாகச் சொல். அடுத்த கார்டில் நான் படிப்பேன் என்று தெரிந்தே எழுது, எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு. ஆண்டவரும் உன் அம்மாவும் உன் கூடவே இருப்பார்கள்.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்,
உன் நைனா
லூயிஸ்