தேவியின் நெஞ்சில் நீ பார்த்த நிழல்

அன்பு மச்சான் குமாருக்கு,

நீ போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. உன் அக்கா நன்றாக இருக்கிறாள். எங்கள் மகள் தேவி ஏழாம் வகுப்பு. போன வாரம் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். மூச்சு வாங்கியதா என்று கேட்டேன். "எல்லாருக்கும்தான் வாங்குச்சு, போப்பா" என்றாள்.

2008-ல், நாலு வயதில், அவளுக்கு விடாத இருமல், காய்ச்சல். நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிகிறது, காசநோயாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்ல, மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தோம். திருப்பாதிரிப்புலியூரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த நீ, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"மாமா, இது நல்லா உருண்டையா இருக்கு. மருந்து சாப்ட்டும் அப்படியே நிக்குது. சிதம்பரம் போயி ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துடலாம்."

"நீ படம் எடுக்குறவன், டாக்டர் இல்ல. உன் வேலையப் பாரு" என்றேன், எல்லார் முன்னாலும்.

மறுநாள் மாத்திரை கொடுத்த டாக்டரையே பார்த்து, சீட்டு வாங்கி வந்து நின்றாய். "அவுங்களே எடுக்கச் சொல்லிட்டாங்க. வாங்க மாமா, நானும் வரேன்."

பஸ்ஸில் தேவி உன் மடியில்தான் தூங்கினாள். ஸ்கேன் முடிந்ததும் சிதம்பரத்து டாக்டர் திரையைக் காட்டினார். மூச்சுக்குழாயை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு உருண்டை.

"உள்ள வெறும் தண்ணி மாதிரிதான். நாங்க ஊசியில ஏத்துன மருந்து ரத்தம் ஓடுற எடத்துலதான் வெள்ளையாத் தெரியும், இதுக்குள்ள போகவே இல்ல பாருங்க. பொறக்கும்போதே இருந்த நீர்க்கட்டி இது. மூச்சுக்குழாய அழுத்துது, அதான் இருமல். ஆபரேஷன்ல எடுத்துடலாம்."

"புத்துநோய் இல்லியே?"

"அப்படித் தெரியல. பயப்படாதீங்க."

ஆபரேஷனில் எடுத்த கட்டியைச் சோதித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் ஸ்கேன் எடுத்த அன்றைக்கே நீ நிம்மதியில் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாய். பின்னாலேயே வந்தேன். உன் தோளைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

மாரடைப்பு உன்னைக் கொண்டுபோகும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் மச்சான், ஒரு தடவையாவது என்னோடு சண்டை போட்டிருக்கலாமே?

நேற்று ஒரு தோழி தழும்பைப் பற்றிக் கேட்க, "எங்கப்பாதான் கண்டுபிடிச்சு, சிதம்பரம் கூட்டிட்டுப் போனாரு" என்றாள் தேவி. பக்கத்திலேயே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நான் உன்னைத் திட்டியதையும் சேர்த்து. அவள் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

உன் அக்காவின் வீட்டுக்காரன்,
உன் மாமா செல்வராசு