மூன்றாம் வரிசை, ஏழாவது இடம்

திருகோணமலை
டிசம்பர் 1, 2024

அன்புள்ள திரேசம்மா அக்காவுக்கு,

தம்பி பேணாட் எழுதிக்கொள்வது. நானும் அஞ்சலினாவும் சுகம். என் முழங்கால்தான் மழைக்கு முதலே வானிலை அறிக்கை வாசிக்கிறது. கனடாவில் குளிர் தொடங்கியிருக்கும், காலுறை போடாமல் திரியாதீர்கள். தொலைபேசியில் சொன்னால் என்ன என்று அஞ்சலினா கேட்டாள். அந்தப் பக்கம் நீங்கள் அழத் தொடங்கினால் இந்தப் பக்கம் எனக்குக் கதை வராது. அதனால்தான் கடிதம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் மேர்வினுக்கு அவனுடைய இடத்திலேயே மெழுகுதிரி கொளுத்தினேன். ஓம் அக்கா, மூதூருக்கு அங்கால், நீங்களும் நானும் உங்கள் பிள்ளையை மண்ணில் வைத்த அதே மாவீரர் துயிலும் இல்லத்தில்.

யுத்தம் முடிந்து அங்கே கல்லறைகளை இடித்துத் தள்ளிய பிறகு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "என்ர பிள்ளைக்கு ஒரு சாண் இடம் இல்லாத ஊருக்கு இனி வரமாட்டன்" என்றீர்கள். கனடாவுக்குப் போகும்போது, நான் புல் வெட்டுகிற வெள்ளைக்காரர் சேமக்காலையில், பெயர் தெரியாத ஒரு மாலுமியின் கல்லறைக் கல்லைக் காட்டினீர்கள். இவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள், கார்த்திகையில் மேர்வினுக்காக இதில் கொளுத்து என்றீர்கள். பதினாலு வருடம் கொளுத்தினேன். மேலதிகாரி கேட்டால் நுளம்பு கடிக்காமல் விரட்ட என்று சொல்ல நினைத்திருந்தேன். நல்லவேளை, அவர் கேட்கவே இல்லை.

போன மாதம் கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத் தர்சிகா ரீச்சர் போன் எடுத்தா. அவவின் தமையனையும் அங்கேதான் மண்ணில் வைத்தது. பற்றை வெட்டித் துப்புரவாக்கப் போகிறோம், வாங்கோ என்றா. நான் இரும்பு அலவாங்கையும் நூல்பந்தையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "ஐயா, கிணறு வெட்டவோ போறியள்?" என்று கொண்டக்டர் பகிடி பண்ணினான்.

அங்கே போனால் ஒரே கல்லும் முள்ளும். தாய்மார் எந்த இடத்தில் நிற்பதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்கு வந்த கோபத்தை எழுத ஏலாது. ஆனால் கிணற்றுக்கட்டு மட்டும் தப்பியிருந்தது. கிணற்றடியிலிருந்து மூன்றாம் வரிசை, ஏழாவது என்பது எனக்கு மறக்குமா? நூல் பிடித்து அலவாங்கால் குத்திக்கொண்டே போனேன். மேலே இருந்ததைத்தான் பெயர்த்திருக்கிறார்கள் அக்கா, அடியில் போட்ட சீமெந்து அப்படியே கிடக்கிறது. ஏழாவது முறை அலவாங்கு சீமெந்தில் முட்டியபோது சேற்றிலேயே இருந்துவிட்டேன். பிறகு இருக்க எங்கே விட்டார்கள்? எங்கட பிள்ளையின் இடத்தையும் பாருங்கோ அண்ணை என்று பொழுதுபடும் வரை வேலை.

இருபத்தேழாம் திகதி, மாவீரர் நாளன்று, நல்ல மழை. பயந்துகொண்டுதான் போனேன். ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை. வாகனங்களை ஓரமாக விடச் சொல்லிவிட்டுப் பொலிஸ்காரர் குடைக்குள் நின்றார்கள். மணி அடித்ததும் கொளுத்தினேன். மூன்று தரம் அணைந்து நாலாம் தரம் நின்று எரிந்தது.

மறுநாள் வேலைக்குப் போனால் மாலுமியின் கல் வெறுமையாக இருந்தது. இத்தனை வருடம் நம் பிள்ளைக்கு இடம் தந்தவனை விட்டுவிட்டேனே என்று, மிச்சமிருந்த திரியை அவனுக்கே கொளுத்தினேன். அவன் தாயின் பெயர் தெரியாது. அதனால் உங்கள் பெயரைச் சொல்லிச் செபித்தேன்.

அக்கா, நீங்கள் கேட்டது ஒரு சாண். நான் அளந்து பார்த்தேன், ஆறடி இருக்கிறது. அடுத்த கார்த்திகைக்கு இரண்டு இடத்துக்கும் என் முழங்கால் ஓடாது. மாலுமியை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றப் பிள்ளையிடம் நீங்கள் வாருங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கூட்டி வரட்டும்.

உங்கள் தம்பி,
பேணாட்