சீட்டு இல்லாத ஓடு

பிப்ரவரி 7, வெள்ளி
வின்சிக்கு வரலாற்றில் மறுபடியும் முப்பத்தொரு மார்க். நாளை மூவரும் வைகைக் கரை அகழாய்வுக்குப் போகிறோம். வருகிறவர்களைப் பானை ஓடு கழுவ விடுகிறார்களாம். தொட்டுப் பார்த்தாலாவது மகளுக்கு மண்டையில் ஏறட்டும்.

பிப்ரவரி 8, சனி
காரைக்குடியிலிருந்து இரண்டு பஸ். ஆய்வு மாணவி அனுசுயா ஆளுக்கொரு பிரஷ் கொடுத்தார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு: எந்தக் குழி, எத்தனை ஆழம். “சீட்டை விட்டுப் பிரிஞ்சா இது வெறும் ஓடுதான், பாப்பா.” ரோமாபுரியிலிருந்து கப்பலில் வந்த சாடியின் துண்டுகளும் இருக்கலாம் என்றார். ரோம் என்றால் எங்களுக்குப் பாப்பரசர்தான். என் மனைவி லூசியா சிலுவை போட்டுக்கொண்டுதான் தொட்டாள். வின்சிக்கு முழங்கை வரை சேறு, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு துண்டில் விரல் பதிந்த பள்ளம். என் கட்டைவிரல் கச்சிதமாகப் பொருந்தியது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்! ‘எதையும் எடுக்கக் கூடாது’ என்று வின்சிக்குப் பாடம் நடத்தி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஏன் செய்தேன்?

பிப்ரவரி 9, ஞாயிறு
பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பம், அந்த நன்மை வாங்கப் போகவில்லை. திருடிய கையை எப்படி நீட்டுவது? பெண்கள் பக்கத்திலிருந்து லூசியா பார்த்தாள்.

பிப்ரவரி 12, புதன்
வின்சி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பரீட்சைப் பயமாக இருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு
இன்றும் பெஞ்சை விட்டு எழவில்லை. வீட்டுக்கு வந்ததும் லூசியா பிடித்துக்கொண்டாள். “ரெண்டு வாரமா நன்மை வாங்கல. என்ன செஞ்சீக?” சொன்னேன். “பிள்ளைக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளைக் கண்டிப்பீக? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க.”
என் பயமும் அதுதான். வின்சிக்குத் தெரியாமல் போய்விட்டு வர வேண்டும்.

பிப்ரவரி 22, சனி
கிளம்பும்போது வின்சி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். “நானும் வாரேன்ப்பா.” பஸ்ஸில் இரண்டு முறை உண்மையைச் சொல்ல வாயெடுத்து, இரண்டு முறையும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியில் அவள் எதிரிலேயே அந்த ஓட்டுத் துண்டை மேசையில் வைத்தேன். அனுசுயா திட்டவில்லை. “எந்தத் தட்டுல இருந்துச்சு, சார்?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விரல் பொருந்தியது தவிர எதுவும் நினைவில்லை.

வின்சி வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். “ஆறாம் குழி, நூத்திநாப்பது சென்டிமீட்டர். அப்பா எடுக்கும்போதே சீட்டைப் பாத்து எழுதி வச்சுக்கிட்டேன்.”

வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. அனுசுயா புதுச் சீட்டு எழுதினார். திரும்பும் வழியெல்லாம் வின்சி பேசிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு
பூசைக்கு முன்பே சாமியாரிடம் திருட்டைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நன்மை வாங்கித் திரும்பும்போது பெண்கள் பக்கம் பார்த்தேன். வின்சி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். லூசியா அவள் கையைத் தட்டிவிட்டாள்.