அம்மா கெர்பர் சந்து ஏறிய சனிக்கிழமை

வைலர்ஸ்பர்க்
ஞாயிறு மாலை

அன்புள்ள கிலியான் அண்ணா,

நானும் அம்மாவும் நலம். உன் உடம்பும், உடம்பைவிட முக்கியமாக உன் கால்களும் நலமா என்று அம்மா கேட்கிறாள். இது அம்மாவின் கடிதம்தான், கையெழுத்து மட்டும் ஓட்டிலியாகிய என்னுடையது. அம்மாவின் இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை. பதறாதே, அது எப்படி வந்தது என்று கீழே எழுதுகிறேன், படித்தால் நீயே சிரிப்பாய். அம்மா அடுப்படி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கூச்சப்பட்டு அவள் விட்டுவிடுகிற இடங்களை நான் நிரப்புவேன், கோபத்தில் கூட்டிச் சொல்கிற இடங்களைக் குறைப்பேன். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று இந்த முதல் பத்தியிலேயே உறுதி சொல்கிறேன். "முன்னுரை போதும்டி, தபால் எடை கூடுது" என்கிறாள் அம்மா.

நார்வேயின் பெர்கனிலிருந்து நீ எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. அம்மா வழிகாட்டி வேலைக்கான இந்தச் சோதனையில் தோற்றால், தொழில் பழக ஊர் ஊராகப் போகும் நடையை முறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன், இங்கேயே ஏதாவது தச்சுப் பட்டறையில் சேர்ந்துகொள்வேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அம்மா அன்று முழுக்க என்னோடுகூடப் பேசவில்லை. மூன்று வருடமும் ஒரு நாளும் சொந்த ஊருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் கால் வைப்பதில்லை என்று சக தச்சர்கள் முன்னால் வாக்குக் கொடுத்துப் போனவன் நீ. அதைப் பாதியில் முறித்தவனை எந்தப் பட்டறை மதிக்கும்? நீ போன பிறகு அம்மா கோபுரப் படிப் பனியில் வழுக்கி முதுகை உடைத்துக்கொண்டதற்கு நீ என்ன செய்வாய்? அப்பாவும் இல்லாத வீட்டில் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறாளே என்று நீ தவிப்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மறுநாள் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "என் கால் நின்னுபோச்சுங்கறதுக்காக அவன் காலும் நிக்கணுமா? நடக்காது." ஆக, அண்ணா, நேற்று அம்மா தன் வேலைக்காக மட்டும் போகவில்லை. உன் நடைக்காகவும் போனாள்.

சுற்றுலா அலுவலகத்தின் தலைவர் நேகலேயை உனக்குத் தெரியும், மழை இல்லாத நாளிலும் குடையோடு நடப்பவர். கெட்ட மனிதர் இல்லை என்று எழுதச் சொல்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். அவர் வசந்தத்தில் வீட்டுக்கே வந்து, "ரோஸ்விதா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நம்ம ஊரு பூரா கல்லு, படி, ஏத்தம். தள்ளுவண்டிக்கே நாக்குத் தள்ளுது. பேசாம சீட்டுக் கொடுக்கிற ஜன்னல்ல உக்காருங்க, கதகதப்பா இருக்கும்" என்றார். "எனக்குக் குளிரலைங்க" என்றாள் அம்மா. கடைசியில் இப்படி முடிவானது: ஒரு சனிக்கிழமை, காசு கொடுத்து வரும் உண்மையான கூட்டம், ஊரின் கீழ்வாசலிலிருந்து மேல்வாசல் வரை முழு வழியும், குறுக்கு வழி கிடையாது. வழியில் கூட்டம் கலையக் கூடாது. இது அவர் நிபந்தனை. தன் நாற்காலியை ஒருவரும் தள்ளக் கூடாது என்பதை அம்மாவே சேர்த்துக்கொண்டாள். ஜெயித்தால் கோட்டில் குத்தும் வழிகாட்டி வில்லை திரும்பக் கிடைக்கும். தோற்றால் ஜன்னல்.

நேற்று கீழ்வாசலில் வந்து இறங்கியது பிரேமன் நகரத்து ஓய்வுபெற்றோர் பாடகர் குழு. வடக்கத்திக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல மழைக்கோட்டு. அவர்களோடு ஒரு சின்னக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓர் இளம் தாய். குழுவில் மெர்டன்ஸ் என்று ஒருவர், கப்பலில் வேலை பார்த்தவராம், குரல் துறைமுகத்தில் நின்று கூப்பிடுவதுபோல. அம்மாவைப் பார்த்ததும் மனைவியிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நடந்து பாக்கறதுன்னுதானே சொன்னாங்க, வழிகாட்டி மட்டும் உக்காந்துக்கிட்டு வர்றாங்களே?" என்றார். வாசலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. அம்மா நாற்காலியைத் திருப்பி, "ஆமாங்க. உங்களுக்குக் கால் வலிச்சா சொல்லுங்க, மடியில எடுத்துக்கறேன்" என்றாள். நீலக்கோட்டுகள் எல்லாம் சிரித்தன. மெர்டன்ஸும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. நேகலே குடையை ஊன்றிக்கொண்டு கடைசியில் வந்தார், நான் அவருக்குப் பக்கத்தில். நாற்காலியைத் தொட மாட்டேன் என்று என்னிடமும் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

உனக்கு அம்மாவின் பழைய சுற்று மனப்பாடம். வீட்டு முகடுகள், மரச்சட்டங்களின் செதுக்கல், கோபுரச் சேவல், எல்லாம் தலையை அண்ணாந்து பார்ப்பவை. குளிர்காலம் முழுவதும் நாற்காலியின் முன்னால் ஒரு பெரிய சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு அவள் தினமும் தெருவில் பழகியது கை பலத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவள் ஊரை மறுபடியும் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நகரமன்றச் சுவரில் துணி அளக்கும் இரும்புக் கோல் பதித்திருக்கிறதே, நான் எத்தனையோ தடவை அதில் முதுகைச் சொறிந்திருக்கிறேன், அதன்மேல் அம்மா தன் கையை நீட்டி வைத்து, துணி வியாபாரி ஏமாற்றினால் பெண்கள் அவனை இங்கே இழுத்துவந்து எல்லோர் முன்னாலும் அளக்க வைத்ததைச் சொன்னாள். நீலக்கோட்டுகள் வரிசையாகத் தங்கள் கழுத்துத் துணிகளை அளந்து பார்த்தன. தேவாலயச் சுவரில் இடுப்பு உயரத்தில் இருக்கும் பள்ளங்களை அவள் காட்டியபோது, காய்ச்சலுக்கு மருந்தாகும் என்று ஜனங்கள் அந்தக் கல்லைச் சுரண்டித் தின்றதாக ஒரு கதை உண்டு, நிஜமா என்று ஒருவருக்கும் தெரியாது என்று நேர்மையாகவே சொன்னாள். தள்ளுவண்டித் தாய், "போன ஊர்லல்லாம் வழிகாட்டி பின்னாடி மூச்சு வாங்க ஓடினேன். இன்னிக்குத்தான் என் வேகத்துக்கு ஒருத்தங்க பேசறாங்க" என்றாள். நான் நேகலேயின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் கெர்பர் சந்து. அந்த ஏற்றத்தை அம்மா குளிர்காலத்தில் பலமுறை ஏறிப் பழகியிருந்தாள், மெதுவாக ஏறிவிடுவாள், அதில் எனக்குப் பயமே இல்லை. ஆனால் முனை திரும்பியதும் பார்க்கிறோம், சந்து முழுக்கப் பளபளவென்று மின்னுகிறது. கல் எல்லாம் ஈரம், இடுக்கில் எல்லாம் நுரை, எலுமிச்சை வாசனை. மேலே பெர்த்தா அத்தை வாளியும் துடைப்பமுமாக, முகம் சிவந்து, பெருமையோடு நிற்கிறாள். இந்த வாரம் தெரு கூட்டும் முறை அவளுடையது, முறை யாருடையது என்று காட்டும் பலகை அவள் கதவில்தான் தொங்குகிறது. "வா வா ரோஸ்விதா! உனக்குச் சோதனைன்னு தெரிஞ்சு காலையில இருந்து ரெண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சாச்சு! வடக்கத்தி ஆளுங்க நம்ம தெருவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லட்டும் பாப்போம்!" என்று கத்தினாள். அம்மா கண்ணை மூடித் திறந்தாள். வேறு எந்த ஊரிலாவது ஒருவரைக் கவிழ்க்க வேண்டுமென்றால் குழி பறிப்பார்கள், நம் ஊரில் அன்போடு கழுவி விடுகிறார்கள். (இது அம்மா சொன்னது இல்லை, என்னுடையது.)

அம்மா முயன்றாள். சக்கரம் ஒரு சுற்று ஏறியது, இரண்டு சுற்று சறுக்கியது. மறுபடி முயன்றாள், இந்த முறை நாற்காலி பக்கவாட்டில் நழுவி, வண்டி உரசாமல் இருக்கச் சுவர் மூலையில் நட்டிருக்கும் காவல்கல்லில் போய் முட்டி நின்றது. நீலக்கோட்டுகள் பாய்ந்து வந்தன. மெர்டன்ஸ் இரண்டு கையையும் நாற்காலியின் பிடியில் வைத்தேவிட்டார். "கையை எடுங்க!" என்றாள் அம்மா. அந்தக் குரலில் நம் இருவரையும் கூடத் திட்டியதில்லை. நேகலே மெல்ல வந்து, "ரோஸ்விதா, இது உங்க தப்பு இல்ல. இதோட நிறுத்திக்குவோம். யாரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றார். கனிவாகத்தான் சொன்னார், அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. உன் மரப்பெட்டியும் நீயும் ரயிலடியில் வந்து இறங்குவதுபோல ஒரு காட்சி கண்ணில் ஓடியது. அம்மா தான் முட்டி நின்ற காவல்கல்லைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். பெர்த்தா அத்தையைப் பார்த்தாள்.

"பெர்த்தா, உன் ஆப்பிள் மோஸ்ட் பீப்பாயை நிலவறைக்கு இறக்குவியே, அந்தக் கயிறு எங்க?" என்று கேட்டாள். "நிலவறையிலதான். ஏன், இப்ப உனக்குக் குடிக்கணுமா?" என்றாள் அத்தை. "கொண்டு வாடி, சீக்கிரம்!" கயிறு வந்தது, என் மணிக்கட்டுப் பருமன். அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, சுற்றுலாக் குரலில், ஒன்றுமே நடக்காததுபோலச் சொன்னாள்: "அன்பர்களே, இந்தச் சுவர்ல ஒரு வண்டி தூரத்துக்கு ஒண்ணா இரும்பு வளையங்கள் இருக்கு பாருங்க. குதிரை கட்டத்தான்னு நானே பல வருஷம் நினைச்சிருந்தேன். குதிரை கட்டறதுக்கு இவ்வளவு செங்குத்தான சந்துல யாராவது நிறுத்துவாங்களா? தோல் பதனிடறவங்க ஆத்துல நனைச்ச தோலை வண்டி வண்டியா இந்த ஏத்தத்துலதான் கொண்டு போனாங்க. தோல்ல இருந்து தண்ணி சொட்டும், கல்லு வழுக்கும். அவங்க எப்படி ஏறியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு. இப்ப பாத்துடலாம்." கயிற்றின் ஒரு நுனியை நாற்காலிச் சட்டத்தில் முடிந்தாள். மறு நுனியை அத்தை முதல் வளையத்தில் கோத்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா இழுத்தாள். நாற்காலி சறுக்கவில்லை, அண்ணா. ஏறியது. சாண் சாணாக, ஆனால் ஏறியது. வளையத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நாற்காலியைத் திருப்பி, சக்கரத்தை அங்கிருந்த இன்னொரு காவல்கல்லில் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். வண்டி பின்னால் ஓடாமல் இருக்கத்தான் அந்தக் கல்லும் அங்கே இருக்க வேண்டும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கினாள்.

அடுத்த வளையத்துக்குப் போவதற்குள் பெர்த்தா அத்தை தானே தேய்த்த நுரையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, "நல்லாத்தான் தேய்ச்சிருக்கேன்" என்றாள். கயிற்றின் நுனி கீழே கிடக்கிறது. எல்லோரும் நேகலேயைப் பார்த்தோம். அவர் தயங்கி, "யாரும் உதவக் கூடாதுன்னு பேச்சு..." என்றார். "தள்ளக் கூடாதுன்னுதான் பேச்சு. வண்டிக்காரனுக்கும் கயிறு கோக்க ஒரு ஆள் இருந்திருப்பான். குடையை ஓட்டிலிகிட்ட கொடுத்துட்டு வாங்க" என்றாள் அம்மா. அவர் குடையை என்னிடம் கொடுத்தார்! சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி, இரண்டாவது வளையத்தில் கயிற்றைக் கோத்தார். மூன்றாவதிலும் கோத்தார். நான்காவதற்கு யாரும் கேட்காமலே மேலே போய்க் காத்திருந்தார். மெர்டன்ஸ் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கப்பலில் நங்கூரம் இழுக்கும்போது பாடும் பாட்டை ஆரம்பித்தார். பாடகர் குழு சும்மா இருக்குமா? நாலு குரலில் எடுத்தது. கெர்பர் சந்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தத் தாளத்துக்கு அம்மா இழுத்தாள். கடைசி வளையத்தில் கயிற்றில் ரத்தம் தெரிந்தது, நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை என்று பொய் சொல்கிறாள்.

மேல்வாசலில் கூட்டம் கலையாமல் வந்து சேர்ந்தால் வழிகாட்டி மணி அடிப்பாரே, அதன் சங்கிலியை அம்மா எட்டிப் பிடித்து அடித்தாள். கலையாமல் மட்டும் இல்லை, கீழே புறப்பட்டதைவிடக் கூட்டம் பெருத்திருந்தது. சந்துக்காரர்கள் பாதிப்பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தள்ளுவண்டியையும் அதே கயிற்றால் ஏற்றியாகிவிட்டது, குழந்தை முழுக்கத் தூங்கியது. நேகலே முழங்கால் வரை நுரையோடு நின்று, சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்து, தானே அம்மாவின் கோட்டில் குத்தினார். அதை அவர் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார் என்பதை நீ கவனிக்க வேண்டும். "அடுத்த சனிக்கிழமையும் தெருவைக் கழுவச் சொல்லவா?" என்று கேட்டார். அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெர்டன்ஸ் தொப்பியைக் கழற்றி, "அம்மா, நான் பல துறைமுகம் பாத்திருக்கேன். இப்படிக் கரையேறினதைப் பாத்ததில்ல" என்றார். அம்மா அப்போதுதான் அழுதாள். அதை எழுத வேண்டாம் என்கிறாள். உள்ளது உள்ளபடி என்று சொல்லிவிட்டேனே.

இனி வருவது முழுக்க அம்மா சொல்வது, ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை. கிலியான், கண்ணா, நான் ஜெயித்துவிட்டேன். நீ வர வேண்டாம். பாசத்தால்தான் வருகிறேன் என்றாய், அது எனக்குத் தெரியும், அதை என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். ஆனால் உன் காலம் முடியும் முன் அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் உன் நிழல் விழுந்தால்கூட நான் கதவைத் திறக்க மாட்டேன். நீ மேலே போ. நார்வேக்குப் பிறகு எங்கே கூரை போடக் கூப்பிடுகிறார்களோ அங்கே போ. நான் ஏறுகிறேன், நீ நட. நாள் நிறைந்த பிறகு, உங்கள் தச்சர் முறைப்படி ஊர்ப் பெயர்ப் பலகையின் மேல் ஏறி இந்தப் பக்கம் குதித்து வா, பலகைக்குக் கீழே நான் இருப்பேன், என் மடியில் விழாமல் பார்த்துக் குதி. அங்கே எப்போதும் மழையாமே, பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவ மறக்காதே. நனைந்த தொப்பியை அடுப்பருகே காயவைக்காதே, சுருங்கும். கூரை உச்சியில் நின்றுகொண்டு யாரோடும் வாய்ச்சண்டை போடாதே. சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்காதே. நீ கால் வைக்கிற சாரம் எல்லாம் உறுதியாக இருக்கட்டும், நீ தட்டுகிற கதவெல்லாம் திறக்கட்டும், கடவுள் உன்னோடு நடக்கட்டும்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும் அம்மா,
ரோஸ்விதா
(வைலர்ஸ்பர்க் நகர வழிகாட்டி)

அண்ணா, பெயருக்குக் கீழே அடைப்புக்குள் இருப்பதை மட்டும் அம்மாவே கட்டுப் போட்ட கையால் எழுதினாள், அதனால்தான் அவ்வளவு பெரிய எழுத்து. நாளை பள்ளி இருக்கிறதாம், அடுப்படி விளக்கை அணைத்துவிட்டாள். கூடத்து வெளிச்சத்தில் இந்த இரண்டு வரியை எழுதுகிறேன், பெர்த்தா அத்தை உனக்கென்று கொடுத்த சோப்புக்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது தனிப் பொட்டலமாக... அந்த விளக்கையும் அணைத்துவிட்டாள்.