தனிக் கவரில் ஒரு ஓட்டு

செவ்வாய் இரவு. ஓட்டுப்பதிவு முடிந்தது.

இந்தத் தடவை தென்காசியில் ஒரு பூத்துக்கு நான் தலைமை அலுவலர். மெஷினை ஒப்படைத்துவிட்டு வீடு வந்தும் சாகுல் பாய் முகம் மனசை விட்டுப் போகவில்லை.

ஓட்டுப் போடவென்றே தோஹாவிலிருந்து லீவில் வந்தவர். பட்டியலைப் பார்த்தால், அவர் பேரில் காலையிலேயே வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்சி ஏஜென்ட் ஒருத்தரும் அந்த ஆளைத் தடுக்கவில்லை. என் ஆட்களும் அடையாள அட்டையைச் சரியாகப் பார்க்காமல் மை வைத்திருக்கிறார்கள். எரிச்சலாக வந்தது.

தன் ஓட்டை வேறு ஆள் போட்டுவிட்டால் உரியவருக்குத் தரும் டெண்டர் ஓட்டுச் சீட்டை விதிப்படி கொடுத்தேன். முத்திரை குத்தினார். வாங்கித் தனிக் கவரில் வைத்தேன். எண்ணிக்கை அன்று அந்தக் கவரைத் தொடமாட்டார்கள். கோர்ட் சொன்னால்தான் பிரிப்பார்கள்.

"இதையும் எண்ணுவாங்கள்லா, டீச்சர்?"

"பத்திரமாப் போய்ச் சேந்துரும் பாய்" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

வெளியே போனவர், வரிசையில் நின்ற கூட்டாளியிடம் மை விரலைத் தூக்கிக் காட்டினார். அவர் சொன்னது என் மேஜை வரை கேட்டது.

"ஏலே, ஒரு ஓட்டுல ஜெயிச்சா, அது நான் போட்டதுலே!"